ஃபெட் சிமுலேஷன்களை வைத்து +2 மின்புலம் நடத்தலாமா? ஒரு விரிவான மதிப்பீடு

+2 நிலைமின்னியலில் மாணவர்கள் திணறுவது, இரண்டு மின்துகள்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதியில் இல்லை. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பது எப்படியாவது வந்துவிடும். திணறல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. எதுவும் வைக்கப்படாத ஒரு புள்ளிக்கு மின்புலம் (அங்கே ஒரு கூலூம் மின்னூட்டத்தை வைத்தால் அதன் மீது படும் விசை) என்று ஒன்று உண்டு, மின்னழுத்தம் (அந்த ஒரு கூலூமை வெகு தொலைவிலிருந்து அங்கே கொண்டுவரத் தேவையான வேலை) என்று இன்னொன்று உண்டு, இரண்டும் வேறு வேறு, ஒன்று சுழியாக இருக்கும் இடத்தில் மற்றது சுழியாக இருக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். தேர்வில் ‘மின்புலம் சுழி, எனவே மின்னழுத்தமும் சுழி’ என்று எழுதிவிட்டு வருவார்கள்.

இந்த இடத்துக்குக் கிடைக்கிற கருவிகளில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியவை ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்துபார்க்க உதவும் மென்பொருள்கள். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம் இது. தொடங்கியவர் கார்ல் வீமன். 2001இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பயன்படுத்தக் கட்டணம் கிடையாது, மாணவர்கள் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. பிரவுசர் இருந்தால் போதும். மின்னியலுக்கு மட்டுமே பல சிமுலேஷன்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வகுப்பில் ஓட்ட வேண்டியதில்லை. ‘சார்ஜஸ் அண்டு ஃபீல்ட்ஸ்’ என்ற ஒன்றுக்கு இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். ‘கெப்பாசிட்டர் லேப்: பேசிக்ஸ்’ அரை பீரியட். மின்னோட்டவியலுக்கு ‘சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி’. மற்றவை வீட்டில் பார்க்கச் சொல்லக்கூடியவை.

முதலாவதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம். அதன் பலமும் பெரிது, அது தவறாக எண்ண வைக்கும் இடங்களும் முக்கியமானவை.

திரையின் அடியில் ஒரு பெட்டி. அதிலிருந்து +1 நானோ கூலூம், −1 நானோ கூலூம் மின்துகள்களையும் மின்புலத்தை அளக்கும் மஞ்சள் நிற சென்சார்களையும் இழுத்து எடுக்கலாம். பக்கத்தில் டிக் செய்யும் கட்டங்கள்: மின்புலம், திசை மட்டும், மின்னழுத்தம், எண் மதிப்புகள், கிரிட். இவை போக ஓர் அளவு நாடா, சம மின்னழுத்தக் கோடு (ஒரே மின்னழுத்தமுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடு) வரையும் பென்சில் பொருத்திய ஒரு வோல்ட் அளவி. இவ்வளவுதான் கருவிகள். எண்ணிக்கை குறைவாக இருப்பது வகுப்புக்கு நல்லது. ஐந்து நிமிடத்தில் மாணவர் கை பழகிவிடும்.

திறந்ததும் மின்புலம் டிக் ஆகியே இருக்கும். அதை முதலில் எடுத்துவிடுங்கள். அம்புகள் திரை முழுவதும் நிறைந்திருந்தால் மாணவர் படத்தைப் பார்ப்பாரே தவிர ஒரு புள்ளியை யோசிக்க மாட்டார். கிரிட்டையும் எண் மதிப்புகளையும் மட்டும் போட்டு, திரையின் இடது ஓரமாக ஒரே ஒரு +1 நானோ கூலூமை வையுங்கள். சரியாக 1 மீட்டர் தள்ளி ஒரு சென்சாரை வையுங்கள். 9 வோல்ட்/மீட்டர் என்று காட்டும், கூடவே திசையின் கோணத்தையும் காட்டும். பாடப்புத்தகத்தில் போடும் அதே 9 × 10⁹ இது. நானோ கூலூமின் 10⁻⁹ பத்தின் அடுக்கை அடித்துவிடுவதால் 9 மட்டும் மிஞ்சுகிறது. இந்த ஏற்பாடு வகுப்புக்குப் பெரிய வசதி. மாணவர் மனக்கணக்கில் விடையை எழுதிவைத்து உடனே சரிபார்க்கலாம். 2 மீட்டரில் என்ன வரும்? பாதி என்று 4.5ஐ எழுதும் கை நிறைய இருக்கும். சென்சாரை நகர்த்தினால் 2.25. அதே புள்ளியில் வோல்ட் அளவியை வைத்தால் 4.5 வோல்ட். பாதியாவது மின்னழுத்தம், நான்கில் ஒரு பங்காவது மின்புலம். 3 மீட்டரில் புலம் 1, மின்னழுத்தம் 3. மூன்று புள்ளிகளில் பாடத்தின் மையம் வந்துவிடுகிறது.

விடையைத் திரையில் காட்டும் முன் நோட்டில் எழுதச் சொல்வது கட்டாயம். எழுதாமல் பார்த்தால் ‘ஆமாம், நானும் அப்படித்தான் நினைத்தேன்’ என்ற உணர்வு மட்டும்தான் மிஞ்சும், திருத்தம் நடக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். சென்சாரில் மின்னூட்டம் இல்லை. அதை நகர்த்தும்போது மற்ற மின்துகள்கள் எதுவும் பாதிக்கப்படுவதில்லை. சென்சாரை எடுத்துவிட்டாலும் அந்த இடத்தில் 9 வோல்ட்/மீட்டர் இருக்கிறது. புலத்தை அளக்க வைக்கும் சோதனை மின்துகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வதன் காரணம் இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விளங்கும்.

அடுத்தது இந்த சிமுலேஷனின் சிறந்த பயன். இரண்டு +1 நானோ கூலூம்களை 2 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நடுப்புள்ளியில் புலம் சுழி, மின்னழுத்தம் 18 வோல்ட். இப்போது ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் −1 வையுங்கள். நடுப்புள்ளியில் மின்னழுத்தம் சுழி, புலம் 18 வோல்ட்/மீட்டர். அதே 18 இடம் மாறி நிற்பதை மாணவர்கள் மறப்பதில்லை. ஒன்று வெக்டர் கூட்டல், மற்றது குறியோடு கூடிய எண் கூட்டல் என்று அதற்குப் பிறகு சொன்னால் அந்த வாக்கியத்துக்குப் பிடிமானம் இருக்கும்.

இதையே கொஞ்சம் நீட்டிக் கேள்வித்தாள் தரத்துக்குக் கொண்டுபோகலாம். நான்கு +1களை ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 4 நானோ கூலூம். அங்கிருந்து 3 மீட்டரில் ஒரு +1. புலம் எங்கே சுழி? நான்கிலிருந்து 2 மீட்டரில். அங்கே மின்னழுத்தம் 27 வோல்ட். பிறகு 4 நானோ கூலூமையும் −1ஐயும் 1.5 மீட்டர் இடைவெளியில் வைத்துக் கேளுங்கள். பலர் இடையில் தேடுவார்கள். சுழிப் புள்ளி இரண்டுக்கும் வெளியே, −1ஐத் தாண்டி இன்னொரு 1.5 மீட்டரில் இருக்கிறது. அங்கே மின்னழுத்தம் 6 வோல்ட். எச்சரிக்கை ஒன்று: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மின்துகள்கள் திரையில் ஒன்றாகவே தெரியும், எத்தனை இருக்கின்றன என்று எண் காட்டாது. மூன்று வைத்துவிட்டு நான்கு என்று நினைத்தால் சுழிப் புள்ளி தள்ளிப்போகும், மாணவர் தன் கணக்கைச் சந்தேகப்படுவார். அடுக்கி முடித்ததும் 1 மீட்டரில் சென்சார் வைத்து 36 வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

சம மின்னழுத்தக் கோடுகளுக்கு வருவோம். ஒற்றை +1 நானோ கூலூமைச் சுற்றி 12, 9, 6, 3 வோல்ட் கோடுகளை வரையச் சொல்லுங்கள். ஆரங்கள் முறையே 0.75, 1, 1.5, 3 மீட்டர். வோல்ட் இடைவெளி ஒவ்வொன்றும் 3தான். தூர இடைவெளியோ 0.25, 0.5, 1.5 மீட்டர் என்று விரிந்துகொண்டே போகிறது. வகுத்தால் 12, 6, 2 வோல்ட்/மீட்டர். இப்போது அந்த நான்கு வட்டங்களிலும் சென்சாரை வைத்துப் படித்தால் 16, 9, 4, 1. வகுத்து வந்த ஒவ்வொரு எண்ணும் அதன் இரு பக்கத்து அளவுகளுக்கு நடுவே விழுகிறது. மின்புலம் என்பது தூரத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும் வீதம் என்ற உறவை வகைநுண்கணிதம் வராத மாணவருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிட நேரான வழி குறைவு. கோடுகள் நெருங்கும் இடத்தில் புலம் வலிது என்பதற்கும் தனி விளக்கம் தேவைப்படாது.

கோடு வரையும் பென்சில், அளவி நிற்கும் புள்ளி வழியாகப் போகும் கோட்டை மட்டுமே வரையும். அதே வோல்ட் உள்ள இன்னொரு கோடு வேறிடத்தில் இருந்தால் அதை அது தேடிப்போகாது. 2 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு +1களை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்துத் துகளைச் சுற்றி 25 வோல்ட் கோடு வரைந்தால் இடது பக்கம் மட்டும்தான் வளையம் வரும். வலது பக்கத்திலும் 25 வோல்ட் உண்டு, தனியாகப் போய் வரைய வேண்டும். 18 வோல்ட்டுக்கு மேல் தனித்தனி வளையங்கள், 18க்குக் கீழே இரண்டையும் சேர்த்துச் சுற்றும் ஒரே வளையம். சரியாக 18இல் எட்டு வடிவம், அதன் குறுக்குவெட்டுப் புள்ளிதான் புலம் சுழியாகும் நடுப்புள்ளி. இரண்டு சம மின்னழுத்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளாது என்று படித்த மாணவர் இங்கே கேள்வி கேட்பார், கேட்க வேண்டும். வேறு வேறு மின்னழுத்தமுள்ள கோடுகள் வெட்டாது. ஒரே மின்னழுத்தக் கோடு தன்னையே வெட்டலாம், அதுவும் புலம் சுழியான இடத்தில் மட்டும். அங்கே புலத்துக்குத் திசை இல்லை, எனவே புலம் ‘கோட்டுக்குச் செங்குத்தாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இனி அது தவறாக எண்ண வைக்கும் இடங்கள்.

மின்புலத்தை டிக் செய்தால் வரும் அம்புகள் எல்லாம் ஒரே நீளம். அளவைப் பளிச்சிடும் தன்மைதான் காட்டுகிறது. வலிமையான இடத்தில் அம்பு வெளுத்துத் தெரியும், வலு குறைய மங்கிக் கறுப்பில் கரைந்துவிடும். கணினித் திரையில் இது பரவாயில்லை. ஜன்னல் வெளிச்சம் விழும் வகுப்பறையில் பழைய புரொஜெக்டரில் போட்டால் தூரத்து அம்புகள் காணாமலே போகும். மாணவர் எடுத்துக்கொள்ளும் பாடம்: ‘கொஞ்ச தூரத்துக்கு மேல் மின்புலம் இல்லை.’ தீர்வு இரண்டு. மெனுவில் புரொஜெக்டர் மோட் இருக்கிறது, பின்னணி வெள்ளையாகும். அதோடு, அம்பு தெரியாத ஒரு மூலையில் வேண்டுமென்றே சென்சாரை வைத்து எண்ணைக் காட்டுங்கள். சென்சாரின் அம்பு அளவுக்கேற்ப நீளும், குறுகும். எனவே நீளத்தைப் பார்க்க வேண்டியது சென்சாரில், திசையைப் பார்க்க வேண்டியது பின்னணி அம்புகளில். இதை மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘திசை மட்டும்’ கட்டத்தை டிக் செய்தால் எல்லா அம்பும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். அப்போது அளவு பற்றிய தகவல் திரையில் துளியும் இல்லை.

இரண்டாவது, நம் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசும் மின்புலக் கோடுகள் இந்த சிமுலேஷனில் இல்லை. அம்புகளைத் தொடர்ந்து போய்க் கோட்டை ஆசிரியர்தான் பலகையில் வரைய வேண்டும். இதைக் குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோடு என்பது மனிதன் வரைந்த வழிகாட்டி, புலம் இரண்டு கோடுகளுக்கு இடையிலும் இருக்கிறது என்று சொல்ல இது நல்ல வாய்ப்பு. ஆனால் கோடுகளின் நெருக்கத்தை வைத்துக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இதை மட்டும் நம்பினால் பயிற்சி போதாது.

மூன்றாவது: மின்துகள்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். +1ஐயும் −1ஐயும் ஒட்டி வைத்தாலும் ஒன்றையொன்று நோக்கி ஓடாது. விசையும் காட்டப்படாது. அவற்றை யாரோ அசையாமல் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். விசைக்கு ‘கூலூம்ஸ் லா’ என்ற தனி சிமுலேஷன் இருக்கிறது. அதில் மைக்ரோ கூலூம், சென்டிமீட்டர் அளவுகள். 10 மைக்ரோ கூலூம்கள் இரண்டை 10 சென்டிமீட்டரில் வைத்தால் ஏறத்தாழ 90 நியூட்டன். ஒன்றின் மின்னூட்டத்தை மட்டும் குறைத்து, இரண்டின் மீதும் உள்ள விசை அம்புகள் சமமாகவே குறைவதைக் காட்டப் பத்து நிமிடம் போதும்.

நான்காவதுதான் பெரியது, பலர் கவனிக்காதது. இரண்டு வரிசை மின்துகள்களை எதிரெதிரே அடுக்கி ‘இணைத்தட்டு மின்தேக்கி’ என்று காட்டும் பயிற்சித் தாள்கள் ஏராளம். அப்படி அடுக்கினால் இடையில் சீரான புலம் வராது. காரணம் எளிது. திரை தட்டையாக இருந்தாலும் ஒவ்வொரு மின்துகளும் முப்பரிமாண வெளியில் இருக்கும் புள்ளி மின்துகளாகவே கணக்கிடப்படுகிறது; அதனால்தான் மின்னழுத்தம் தூரத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. அப்படியானால் திரையில் ஒரு வரிசை என்பது தட்டு இல்லை, ஒரு கம்பி. நீளமான மின்னேற்றக் கம்பியின் புலம் தூரத்துக்குத் தலைகீழாகக் குறையும். தட்டின் புலம்தான் தூரத்தைப் பொறுத்து மாறாது. எதிரெதிர் மின்னூட்டமுள்ள இரண்டு நீண்ட கம்பிகளுக்கு இடைப்பட்ட இடத்தில், சரியாக நடுவில்தான் புலம் மற்ற இடங்களைவிடக் குறைவு. ஒரு கம்பியிலிருந்து கால்வாசி தூரத்தில் அது நடுவில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். சென்சாரை நகர்த்தும் கவனமுள்ள மாணவர் எண் மாறுவதைக் கண்டுபிடித்துவிடுவார். ‘ஓரத்தில் இருக்கும் வளைவு’ என்று சொல்லிக் கடந்துபோனால் அது தவறான விடை. வரிசையை எவ்வளவு நீட்டினாலும் இந்த வித்தியாசம் போகாது. எனவே சீரான புலத்துக்கு இந்த சிமுலேஷனை எடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை.

அதற்கு இரண்டு நல்ல மாற்றுகள். ஒன்று ‘கெப்பாசிட்டர் லேப்: பேசிக்ஸ்’. தட்டின் பரப்பு 100 முதல் 400 சதுர மில்லிமீட்டர் வரை, இடைவெளி 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை, பேட்டரி 1.5 வோல்ட் வரை. 200 சதுர மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர், 1.5 வோல்ட் என்று வையுங்கள். மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 0.89 பிக்கோ ஃபாரட், ஆற்றல் ஏறத்தாழ 1 பிக்கோ ஜூல். இனி சுவிட்சை நகர்த்திப் பேட்டரியைத் துண்டியுங்கள். துண்டித்த பிறகே இடைவெளியை 10 மில்லிமீட்டருக்கு இழுங்கள். வோல்ட் அளவி 7.5 காட்டும், ஆற்றல் ஐந்து மடங்காகும், மின்னூட்டம் மாறாது, புல அம்புகளின் நெருக்கமும் மாறாது. கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? தட்டுகளைப் பிரித்து இழுத்த கை செய்த வேலை. பேட்டரியைத் துண்டிக்காமல் இழுத்தால் கதை வேறு: வோல்ட் 1.5இலேயே நிற்கும், மின்னூட்டம் ஐந்தில் ஒன்றாகும். துண்டித்தோமா இல்லையா என்பதில் பெரும்பாலான தேர்வுக் கேள்விகள் நிற்கின்றன, இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக்காட்டுங்கள். மின்காப்புப் பொருளை இடையில் நுழைக்கும் வசதி இந்தப் பதிப்பில் இல்லை. பாடத்தின் அந்தப் பகுதியைப் பலகையில்தான் நடத்த வேண்டும்.

இன்னொரு மாற்று கணினியே இல்லாதது, ஒவ்வொரு பள்ளியும் செய்ய வேண்டியது: தண்ணீர்த் தட்டு. அடி சமமான செவ்வகத் தட்டு, கண்ணாடி அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அடியில் கிராஃப் தாள். தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் குழாய்த் தண்ணீர். இரண்டு செம்புத் தகட்டுப் பட்டைகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக, தட்டின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை எட்டும்படி நிறுத்துங்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 20 வோல்ட் டிசி அளவில் வைத்த மல்ட்டிமீட்டர். கறுப்பு முனையை எதிர்முனைத் தகட்டில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பு முனையை நெட்டாகத் தண்ணீரில் தொட்டு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அளவெடுக்க வேண்டும்.

எதிர்பார்க்க வேண்டியது: சென்டிமீட்டருக்கு 0.9 வோல்ட் வராது, அதைவிடக் குறைவாகவே வரும். தகடும் நீரும் தொடும் இடத்தில் நடக்கும் மின்வேதிவினை கொஞ்சம் வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. பார்க்க வேண்டியது அந்த இறக்கம் தகட்டுக்குத் தகடு ஒரே சீராக இருக்கிறதா என்பது. தகடுகள் சுவர் வரை எட்டியிருந்தால் சீராக இருக்கும்; எட்டாவிட்டால் ஓரத்தில் சம மின்னழுத்தக் கோடுகள் வளையும். தகடுகள் நீரின் முழு ஆழத்துக்கும் நிற்பதால் இவை உண்மையிலேயே தட்டுகள்போல நடந்துகொள்கின்றன, சிமுலேஷனின் வரிசைகளால் முடியாதது இது.

தவறுவது எங்கே? காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் அதன் மின்தடை மிக அதிகம்; மலிவு மல்ட்டிமீட்டர்களின் உள்மின்தடை 1 மெகா ஓம் அளவே என்பதால் மீட்டரைத் தொட்டதுமே அளவு குறைந்துவிடும். போர்வெல் தண்ணீர் நன்றாகவே வேலை செய்யும். உப்புப் போட வேண்டாம், மின்னோட்டம் ஏறித் தகடு அரிக்கும், குமிழி நிறைய வரும். அலுமினியத் தகட்டின் மேல் ஆக்சைடு படலம் இருப்பதால் அளவு நிலையில்லாமல் ஆடும். அளவெடுக்காத நேரத்தில் பேட்டரியைக் கழற்றிவையுங்கள். வீட்டு மின்சாரத்தை எந்த வடிவிலும் தண்ணீர்த் தட்டின் பக்கம் கொண்டுவரக் கூடாது.

தகடுகளுக்குப் பதில் இரண்டு வட்டமான நட்டுகளை வைத்தால் சிமுலேஷனின் நேர்−எதிர் ஜோடிபோலவே கோடுகள் வரும். வடிவத்தைத் தோராயமாக ஒப்பிடுங்கள், எண்ணை ஒப்பிடாதீர்கள். தட்டையான நீர்ப்படலத்தில் மின்னழுத்தம் தூரத்தின் லாகரிதத்தைப் பொறுத்து மாறுகிறது, சிமுலேஷனில் தூரத்துக்குத் தலைகீழாக. இரண்டும் ஒத்துப்போகாததைப் பார்த்து ‘சோதனை தவறு’ என்று மாணவர் எழுதிவிடக் கூடாது.

மின்னோட்டவியலுக்கான சர்க்யூட் கிட் பற்றிச் சுருக்கமாக. செய்நேர்த்தியில் ஃபெட்டின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு, 0.9 ஆம்பியர், மீட்டரைப் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்து இரண்டிலும் அதே 0.9ஐக் காட்டினால் ‘பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது’ என்ற எண்ணம் ஆட்டம் காணும். ஆனால் பேட்டரியின் அகமின்தடை (பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை) தொடக்கத்தில் சுழியாக இருக்கும். பக்க இணைப்பில் எத்தனை பல்பு போட்டாலும் ஒன்றுகூட மங்காது. ஆய்வகத்தில் டார்ச் செல்லோடு செய்தால் மங்கும், மாணவர் குழம்புவார். அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து அகமின்தடையை 5 ஓமுக்கு நகர்த்துங்கள். ஒரு பல்பு இருக்கையில் முனைகளுக்கிடையே 6 வோல்ட், 0.6 ஆம்பியர். இரண்டாவது பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4.5 வோல்ட், மொத்தம் 0.9 ஆம்பியர். இரண்டும் மங்கும். மின்னியக்கு விசைக்கும் (மின்னோட்டம் ஓடாதபோது பேட்டரி காட்டும் வோல்ட்) முனை மின்னழுத்தத்துக்கும் (ஓடும்போது முனைகளில் கிடைப்பது) உள்ள வேறுபாடு இந்த இரண்டு வரியில் இருக்கிறது. எலக்ட்ரான்கள் கண்ணுக்குத் தெரியும்படி ஓடுவதைப் பார்த்து அதுதான் உண்மையான வேகம் என்று எடுத்துக்கொள்ள விடாதீர்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் இழுப்புத் திசைவேகம், அதாவது எலக்ட்ரான்கள் சராசரியாக முன்னேறும் வேகம், வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். இந்தக் கணக்கை அவர்களையே போடச் சொல்லலாம். அம்மீட்டரைத் தொடரில் இணைக்கும் பழக்கம் வரவேண்டுமென்றால் ‘விர்ச்சுவல் லேப்’ என்று பெயரிட்ட பதிப்பை எடுங்கள். கம்பியின் மேல் வைத்தாலே அளவு காட்டும் மீட்டர் அதில் கிடையாது.

பலூனைத் தேய்த்து மின்னேற்றிக் காட்டும் ஃபெட் சிமுலேஷனும் ஒன்று உண்டு, அது எட்டாம் வகுப்புக்குப் பொருத்தம். +2வில் ஒரே பயன், நடுநிலைச் சுவரில் எலக்ட்ரான்கள் சற்றே விலகிப் பலூன் ஒட்டிக்கொள்வதைக் காட்டுவது. கடலோர ஊர்களில் ஈரக்காற்றினால் உண்மையான பலூன் சோதனை பல நாள் சரியாக வராது, அந்த நாட்களில் கைகொடுக்கும்.

நடைமுறைக்கு வந்தால், ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். இணையமே இல்லாத கணினியிலும் பிரவுசரில் இரட்டைக் கிளிக்கில் திறக்கும். ஆய்வகக் கணினிகளில் முந்தைய நாளே நகலெடுத்துவிட்டால் பீரியடின் முதல் பத்து நிமிடம் வீணாகாது. ஒரு கணினிக்கு இரண்டு அல்லது மூன்று பேர். ஒருவர் மவுஸ், ஒருவர் எழுத்து, அடுத்த கேள்விக்கு மாறிக்கொள்ள வேண்டும். கைப்பேசியிலும் திறக்கும், ஆனால் விரல் மின்துகளை மறைத்துவிடுவதால் 1 மீட்டர் என்று வைத்தது 1.05 ஆக நிற்கும், 9 வர வேண்டிய இடத்தில் 8.2 வரும். வீட்டுப்பாடத்துக்குக் கைப்பேசி போதும், அளவெடுக்கக் கூடாது.

பல சிமுலேஷன்களுக்குத் தன்னார்வலர்கள் செய்த தமிழ்ப் பதிப்பு உண்டு. மொழிபெயர்த்தவர்கள் வேறு வேறு என்பதால் நம் பாடநூல் சொல்லோடு எல்லா இடத்திலும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். வகுப்புக்கு முன் ஒருமுறை திறந்து, மின்புலம், மின்னழுத்தம், மின்னூட்டம் மூன்றுக்கும் திரையில் என்ன சொல் வருகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். மற்ற ஆசிரியர்கள் பகிர்ந்த பாடத்திட்டங்களும் பயிற்சித் தாள்களும் அதே தளத்தில் கிடைக்கும். அவற்றுக்கு மட்டும் ஆசிரியர் ஓர் இலவசக் கணக்குத் தொடங்க வேண்டும். அவற்றில் இணைத்தட்டுப் பயிற்சி கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதை அச்சிடுங்கள். இறக்கிவைத்த கோப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, ஆகவே ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் வாரத்தில் புதிதாக இறக்கிக்கொள்வது நல்லது.